முழங்காலில் ஒரு தட்டு

நரம்பு மருத்துவரைப் பார்க்கப் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். கட்டிலின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்காரச் சொல்வார். கையில் ரப்பர் தலை வைத்த சின்னச் சுத்தியல் இருக்கும். முழங்கால் சில்லுக்குக் கொஞ்சம் கீழே விரல் வைத்துப் பார்த்தால் பட்டையான ஒரு நாண் தட்டுப்படும். அந்த இடத்தில் லேசாக ஒரு தட்டு தட்டுவார். கால் முன்பக்கம் துள்ளும். ‘நான் ஆட்டவே இல்லையே!’ என்று பலர் சொல்வார்கள். மருத்துவர் அடுத்த காலிலும் தட்டுவார், கணுக்காலின் பின்புறம், முழங்கை மடிப்பு என்று இன்னும் நாலைந்து இடங்களில் தட்டுவார், தாளில் சில எண்களைக் குறித்துக்கொள்வார். இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஸ்கேனும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. அந்த நேரத்துக்குள் அவர் என்னதான் படித்தார்?

இதற்குப் பதில் சொல்லப் போனால், நம் உடம்பு எப்படி அசைகிறது என்ற கதையைக் கிட்டத்தட்ட முழுதாகவே சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு முன், பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் ஒரு படத்தைக் கலைக்க வேண்டும். மூளை மேலே உட்கார்ந்து உத்தரவு போடுகிறது, நரம்பு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, தசை கீழ்ப்படிகிறது என்பதுதான் அந்தப் படம். அப்படி இல்லை. கீழே இருக்கும் தண்டுவடத்துக்கே ஏகப்பட்ட வேலை தெரியும். மூளை அதன் தலைக்கு மேல் நின்றுகொண்டு, தெரிந்த வேலையை எப்போது விடுவது, எப்போது பிடித்து நிறுத்துவது, எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்று பார்த்துக்கொள்கிறது. மூளையின் வேலையில் பெரும்பங்கு இந்தப் பிடித்து நிறுத்துவதுதான் என்று எனக்குப் புரிந்த அன்று, பக்கவாதம் வந்தவரின் கை ஏன் விறைக்கிறது என்பதும் சேர்ந்தே புரிந்தது.

முதலில் அந்தத் தட்டு. சுத்தியல் விழும் இடம் தசைநாண். தொடையின் முன்தசையைக் கீழ்க்கால் எலும்போடு கட்டிவைத்திருக்கும் நாண் அது. அதைத் தட்டியதும் உள்ளே குழிகிறது, மேலே இருக்கும் தொடைத்தசை மயிரிழை அளவுக்கு இழுபடுகிறது. அந்தத் தசைக்குள் நடு பருத்து இரு முனையும் மெலிந்த நுண்ணிய உறுப்புகள் புதைந்திருக்கின்றன. தசைக்கதிர்கள் என்று பெயர். தசை எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகமாக நீண்டது என்பதைக் கவனிப்பதுதான் அவற்றின் வேலை. இழுபட்டதும் அவை அனுப்பும் செய்தி, உடம்பிலேயே மிக வேகமான நரம்பிழைகளில் ஏறி, வினாடிக்கு 80 முதல் 120 மீட்டர் வேகத்தில் இடுப்புப் பகுதி நரம்புகளின் மூன்றாம், நான்காம் இணை வழியாகத் தண்டுவடத்துக்குள் நுழைகிறது. அங்கே அது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அதே தொடைத்தசைக்குப் போகும் இயக்க நரம்பணுவை நேராகப் போய்த் தொடுகிறது. நடுவில் இருப்பது ஒரே ஒரு நரம்பு இணைப்பு. அந்த நரம்பணு உடனே தசையைச் சுருங்கச் சொல்கிறது. கால் துள்ளுகிறது.

தட்டு விழுந்ததிலிருந்து தசையில் மின்துடிப்பு எழும்வரை சுமார் 20 மில்லிவினாடிதான். ஒரு விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்து ஒரு பொத்தானை அமுக்க நமக்கு ஏறக்குறைய 200 மில்லிவினாடி பிடிக்கும். ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.1 வினாடிக்குள் காலை எடுத்துவிட்டால் அதைத் தவறான தொடக்கம் என்று கணக்கில் வைக்கிறார்கள். சத்தம் காதில் விழுந்து, மூளைக்குப் போய், கால் வரைக்கும் வர அவ்வளவு நேரமாவது ஆகும் என்பது கணக்கு. அத்தோடு ஒப்பிட்டால் முழங்கால் துள்ளல் எத்தனை குறுக்குவழி என்று தெரியும். தட்டிய செய்தி மூளைக்கும் போகத்தான் செய்கிறது. ஆனால் அது போய்ச் சேர்ந்து நாம் உணர்வதற்குள் தசை தன் வேலையைத் தொடங்கியிருக்கும். ‘நான் ஆட்டவே இல்லையே’ என்பது அப்பட்டமான உண்மை.

இந்த வகைச் செயலுக்கு நம் மொழியில் அனிச்சைச் செயல் என்று பெயர். சிலர் இதை முகர்ந்தாலே வாடும் அனிச்ச மலரோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறார்கள். பொருத்தமாகத் தோன்றினாலும் சொல் அங்கிருந்து வரவில்லை. இச்சை இல்லாதது அனிச்சை, அவ்வளவுதான். இச்சைச் செயல், அனிச்சைச் செயல் என்று இரண்டாகப் பிரித்துத்தான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்தப் பிரிவினை நாம் நினைக்கிற அளவுக்குக் கறாரானது இல்லை.

முழங்கால் துள்ளலை 1875இல் ஜெர்மனியைச் சேர்ந்த இரண்டு மருத்துவர்கள், வில்ஹெல்ம் எர்ப்பும் கார்ல் வெஸ்ட்ஃபாலும், ஒரே ஆண்டில் தனித்தனியாக எழுதினார்கள். எர்ப் அதை அனிச்சை என்றார். தட்டியதும் தசையே நேரடியாகத் துடிக்கிறது, தண்டுவடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வெஸ்ட்ஃபால் கருதினார். எர்ப் சொன்னதுதான் சரி என்று பின்னால் தெரிந்தது. ஆனால் வெஸ்ட்ஃபால் தடுமாறியதில் வியப்பில்லை. அவ்வளவு வேகமாக நடக்கும் ஒன்று, முதுகு வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கும் என்று யார் நம்புவார்? அதற்கு 25 ஆண்டுக்கு முன்னால்தான் ஜெர்மன் அறிவியலறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு தவளையின் நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை முதன்முதலாக அளந்திருந்தார். வினாடிக்குச் சுமார் 30 மீட்டர். அதுவரை அதை அளக்கவே முடியாது என்பதுதான் பெரிய அறிஞர்களின் கருத்தாக இருந்தது.

சரி, இந்த ஏற்பாடு எதற்கு? சுத்தியலுக்காக இயற்கை இதை வைக்கவில்லை. நின்றுகொண்டிருக்கும்போது நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கிறோம். உண்மையில் உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்வதும் பின்னால் வருவதுமாக இருந்துகொண்டே இருக்கிறது. முன்னால் சாயும்போது கெண்டைக்கால் தசை இழுபடுகிறது, உள்ளே இருக்கும் கதிர்கள் அதைத் தெரிவிக்கின்றன, தசை இறுகிப் பிடிக்கிறது. கையில் ஏந்தியிருக்கும் தட்டில் யாராவது திடீரென்று எதையாவது வைத்தாலும் இதேதான். முதல் 20, 30 மில்லிவினாடியில் தண்டுவடம் தன் பங்குக்குக் கொஞ்சம் இறுக்குகிறது. 50 முதல் 100 மில்லிவினாடிக்குள் மூளை வரைக்கும் போய்த் திரும்பிய இரண்டாம் அலை வந்து, நிலைமைக்குத் தக்கபடி சரிசெய்கிறது. இந்த இரண்டாம் அலையும் இச்சைச் செயல் இல்லை, அதற்கும் முந்தியது. ஆனால் ‘விட்டுவிடு’ என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் அது சின்னதாகிவிடுகிறது, ‘எதிர்த்துப் பிடி’ என்று சொல்லியிருந்தால் பெரிதாகிறது. இச்சைக்கும் அனிச்சைக்கும் நடுவில் இப்படி ஒரு வரப்பு இருக்கிறது.

தண்டுவடத்தின் அனிச்சையிலேயே மூளையின் கை இருக்கிறது என்பதற்கு இன்னொரு அடையாளம். தசைக்கதிரின் இரு முனையிலும் சின்னஞ்சிறு தசையிழைகள் உண்டு, அவற்றுக்கென்று தனி இயக்க நரம்பும் உண்டு. முதலில் கேட்கும்போது விசித்திரமாக இருக்கும். அளக்கிற கருவிக்கு எதற்குத் தசை? யோசித்தால் விளங்கும். பெரிய தசை சுருங்கும்போது உள்ளே இருக்கும் கதிர் தொய்ந்துபோய்விடும். தொய்ந்த கதிரால் எதையும் அளக்க முடியாது. அதனால் பெரிய தசைக்குச் செய்தி போகும்போதே கதிரின் முனைகளுக்கும் செய்தி போய், அதை விறைப்பாக வைத்துக்கொள்கிறது. தண்டுவடத்தின் தூண்டுநிலையையும் மேலிருந்து கூட்டிக் குறைக்க முடியும். முழங்கால் சரியாகத் துள்ளாதபோது மருத்துவர், இரண்டு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்துப் பலமாக இழுக்கச் சொல்வார். நீங்கள் இழுக்கும் அந்தக் கணத்தில் தட்டினால் துள்ளல் பெரிதாக வரும். கையில் செய்த முயற்சி, காலில் இருக்கும் அனிச்சையைத் தூக்கிவிடுகிறது.

இதுவரை சொன்னது சுருங்கும் தசையைப் பற்றி. அதைவிட முக்கியமான ஒன்று தொடையின் பின்பக்கம் நடக்கிறது, யார் கண்ணுக்கும் தெரியாமல். கால் முன்னால் நீள வேண்டுமானால் பின்தொடைத் தசை தளர வேண்டும். அதுவும் சேர்ந்து இறுகினால் கால் அசையாது. முன்தொடைக் கதிரிலிருந்து வந்த அதே நரம்பிழை, தண்டுவடத்துக்குள் ஒரு கிளை விடுகிறது. அந்தக் கிளை ஒரு சிறு இடை நரம்பணுவைத் தூண்டுகிறது, இடை நரம்பணு பின்தொடையின் இயக்க நரம்பணுவை அடக்குகிறது. ஒன்றை முடுக்கும்போதே எதிராளியை அமர்த்துவது. ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் இதை விரிவாக ஆராய்ந்து நிறுவினார். நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்துக்கு 1897இல் சினாப்ஸ் என்று பெயர் வந்ததும் அவரால்தான். 1932இல் எட்கர் ஏட்ரியனோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அடக்குவதும் ஒரு செயல்தான், வெறுமனே செய்யாமல் இருப்பது அல்ல என்பதை அவர் அளவுக்கு அழுத்தமாகக் காட்டியவர்கள் குறைவு.

இந்த அடக்கம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கொடூரமான ஒரு சான்று உண்டு. ரண ஜன்னி என்று பழைய ஆட்கள் சொல்லும் டெட்டனஸ். காயத்தில் வளரும் கிருமி சுரக்கும் நஞ்சு, இயக்க நரம்புகளின் வழியே தண்டுவடம் வரை ஏறிப் போகிறது. அங்கே அது தாக்குவது தசையைச் சுருக்கும் நரம்பணுவை அல்ல, அதை அடக்கிவைத்திருக்கும் இடை நரம்பணுவை. அடக்கும் நரம்பணுக்கள் கிளைசின், காபா என்ற வேதிப்பொருள்களைச் சுரந்துதான் வேலை செய்கின்றன. அந்தச் சுரப்பை நஞ்சு நிறுத்திவிடுகிறது. இனிக் கடிவாளம் இல்லை. எல்லாத் தசையும் ஒரே நேரத்தில், எதிரும் புதிருமாக, இறுகத் தொடங்கும். வாயைத் திறக்கும் தசையைவிட மூடும் தசைக்கு வலு அதிகம், அதனால் தாடை பூட்டிக்கொள்ளும். முதுகை வளைக்கும் தசையைவிட நிமிர்த்தும் தசைக்கு வலு அதிகம், அதனால் உடம்பு வில்லாகப் பின்னோக்கி வளையும். ஒரு கதவுச் சத்தம், ஒரு வெளிச்சம், ஒரு தொடுகை போதும், வலிப்பு வந்துவிடும். நோயாளிக்கு நினைவு முழுதும் இருக்கும் என்பதுதான் இதில் தாங்க முடியாதது. எட்டிக்கொட்டையின் நஞ்சான ஸ்ட்ரிக்னினும் இதே இடத்தில்தான் கை வைக்கிறது. அது சுரப்பை நிறுத்துவதில்லை, சுரந்த கிளைசின் வேலை செய்யாமல் தடுக்கிறது. விளைவு ஏறக்குறைய ஒன்றுதான். தடுப்பூசி போட்டுக்கொள்ள யாராவது தயங்கினால் அவரிடம் நான் சொல்வது இதைத்தான்: நம்மால் ஒரு டம்ளரைத் தூக்க முடிவதே, தூக்கக் கூடாத தசைகளை எல்லாம் அந்த நேரத்தில் தண்டுவடம் அமர்த்திவைப்பதால்தான்.

வெறுங்காலில் முள் குத்தும்போது இதே கலை இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. ஒரு தசை மட்டும் அல்ல, இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் மடங்கி முழுக் காலும் மேலே வருகிறது. அதோடு நின்றால் நாம் விழுந்துவிடுவோம். அதனால் செய்தி தண்டுவடத்தின் குறுக்கே கடந்து மறுபக்கம் போய், அடுத்த காலை விறைப்பாக்கி, உடம்பின் பாரத்தைத் தாங்க வைக்கிறது. ‘ஆ!’ என்று கத்துவது அதற்கு அப்புறம்தான். கூர்மையான முதல் வலி, ஓரளவு வேகமான இழைகளில் வரும். கொஞ்சம் கழித்து வருகிற காந்தலான வலி, வினாடிக்கு 1 மீட்டர் அளவே போகும் மெல்லிய இழைகளில் வருவது. பாதத்திலிருந்து மேலே வந்து சேர அதற்கு ஒரு வினாடிக்கும் மேல் ஆகும். இடித்துக்கொண்ட கால்விரல் முதலில் சுரீர் என்றும், பிறகு மெதுவாகத் தொடங்கி வெகுநேரம் வலிப்பதும் இதனால்தான்.

ஆனால் கொதிக்கிற பாத்திரத்தைக் கையில் பிடித்திருக்கிறோம், பக்கத்தில் குழந்தை நிற்கிறது என்றால் நாம் உதறுவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பத்திரமான இடத்தில் இறக்கிவைத்த பிறகே கையை எடுக்கிறோம். அனிச்சை என்பது மாற்ற முடியாத பொறி என்றால் இது நடக்கவே கூடாது. மேலிருந்து வரும் நரம்பிழைகள் அதே இடை நரம்பணுக்கள்மேல் வந்து அமர்ந்து, விலக்கும் அனிச்சையை அடக்கிப் பிடிக்கின்றன.

எங்கிருந்து எந்தச் செய்தி வந்தாலும், அனிச்சையோ இச்சையோ, கடைசியில் அது கடந்தாக வேண்டிய வாசல் ஒன்றுதான். தண்டுவடத்தின் முன்பக்கத்தில் இருக்கும் இயக்க நரம்பணு. இறுதிப் பொதுப்பாதை என்று ஷெரிங்டன் அதைச் சொன்னார். அதற்கும் முன்பே, 1822இல், தண்டுவடத்தின் பின்வேர்கள் உணர்வை உள்ளே கொண்டுவருகின்றன, முன்வேர்கள் இயக்கத்தை வெளியே அனுப்புகின்றன என்று பிரான்சில் மஜான்டி காட்டியிருந்தார். ஒவ்வோர் இயக்க நரம்பணுவும் தனக்கென்று ஒரு கொத்துத் தசையிழைகளை வைத்திருக்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு கொத்துக்குப் பத்து இழை அளவில்தான், கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். நுட்பம் வேண்டிய இடத்தில் சின்னக் கொத்து, பலம் வேண்டிய இடத்தில் பெரிய கொத்து. முயற்சியைக் கூட்டக் கூட்ட, முதலில் சின்ன நரம்பணுக்களும் பிறகு பெரியவையும் வரிசையாக இறங்கிவரும். இளம்பிள்ளை வாதம் அழிப்பது இந்த இயக்க நரம்பணுக்களைத்தான். அவை போனால் மூளையின் உத்தரவும் போய்ச் சேராது, அனிச்சையும் வராது. தசை தொளதொளத்து மெலிந்துவிடும். ஆனால் தொட்டால் உணர்வு இருக்கும்.

தண்டுவடத்துக்குத் தெரிந்த வேலைகளில் என்னை மிகவும் அசத்தியது நடைதான். 1911இல் பிரிட்டிஷ் உடலியங்கியல் அறிஞர் தாமஸ் கிரஹாம் பிரவுன், மூளையிலிருந்து துண்டிக்கப்பட்டு, காலிலிருந்து வரும் உணர்வும் வெட்டப்பட்ட பூனையின் தண்டுவடம்கூடத் தசைகளை நடை போன்ற தாளத்தில் மாறி மாறி இயக்குவதைக் காட்டினார். பிற்காலச் சோதனைகளில், தண்டுவடம் துண்டான பூனைகளை ஓடும் பட்டைமேல் பிடித்து நிறுத்தினால் பின்னங்கால்கள் நடந்தன, பட்டையின் வேகத்தைக் கூட்டினால் கால்களும் வேகத்தைக் கூட்டின. மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டில் குறிப்பிட்ட ஓர் இடத்தை மின்சாரத்தால் தூண்டினால் பூனை நடக்கத் தொடங்குவதையும், தூண்டலைக் கூட்டினால் நடை ஓட்டமாவதையும் 1966இல் மாஸ்கோவில் கண்டார்கள். எந்தத் தசை எப்போது என்ற விவரத்தை மேலிருந்து சொல்ல வேண்டியதில்லை. ‘கிளம்பு’, ‘வேகமாக’ என்றால் போதும், மீதி கீழே தெரியும். பிறந்து சில நாளே ஆன குழந்தையைக் கைகளில் தாங்கிப் பாதத்தைத் தரையில் படவைத்தால் அது அடி எடுத்து வைப்பதுபோல் கால்களை மாற்றி மாற்றித் தூக்கும். இரண்டு மாத அளவில் அது மறைந்துவிடும்.

இதைத் தெரிந்துவைத்திருப்பது சில வேளைகளில் மனத்துக்கு மிகவும் கடினமான ஓர் உண்மையைத் தாங்க உதவும். மூளைச்சாவு உறுதியான ஒருவரின் கால்விரல் அசையலாம், கை மடங்கலாம், அரிதாக இரு கைகளும் மார்பை நோக்கி எழுந்து விழலாம். படுக்கை அருகே நிற்கும் சொந்தக்காரர்களுக்கு அது உயிர் திரும்பும் அறிகுறியாகவே தெரியும். வேறு எப்படித் தெரியும்? ஆனால் அது தண்டுவடத்தின் அனிச்சை, மேலே யாரும் இல்லாத வீட்டின் கீழ்த்தளத்தில் எரியும் விளக்கு. மருத்துவர்கள் இதை அவசரமில்லாமல் உட்கார்ந்து முன்கூட்டியே விளக்க வேண்டும். விளக்கப்படாத ஓர் அசைவு ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் உறுத்தும்.

தண்டுவடத்துக்கு மேலே மூளைத்தண்டு. நிற்பதும், தலை நிமிர்ந்திருப்பதும், பார்வை நிலையாக இருப்பதும் இதன் பொறுப்பு. இதை நீங்களே இப்போது பார்க்கலாம். ஒரு விரலை முகத்துக்கு முன்னால் நிறுத்தி, தலையை வேகமாக இடமும் வலமும் ஆட்டுங்கள். விரலின் ரேகைகூடத் தெளிவாகத் தெரியும். இப்போது தலையை நிறுத்திவிட்டு, விரலை அதே வேகத்தில் ஆட்டுங்கள். கலங்கிப்போகும். தலை அசையும்போது உள்காதிலிருந்து செய்தி கிளம்பி, மூன்றே நரம்பணுக்களைக் கடந்து, 10 மில்லிவினாடி அளவில் கண்ணை எதிர்த்திசையில் திருப்பிவிடுகிறது. விரல் அசையும்போது கண்ணே பார்த்துத் துரத்த வேண்டும், அதற்குப் பத்து மடங்கு நேரம் பிடிக்கும். இந்த அனிச்சை கெட்டுப்போனவர்களுக்கு நடக்கும்போது தெருவே குலுங்கும்.

சாயாமல் நிற்பதிலும் முன்யோசனை இருக்கிறது. நின்றபடி கையை முன்னால் விருட்டென்று நீட்டினால், தோள் தசை வேலை செய்வதற்குச் சற்று முன்பே காலின் பின்தசைகள் இறுகிவிடுகின்றன. கை முன்னால் போனால் உடம்பு முன்னால் சாயும் என்பது முன்பே தெரியும். சாய்ந்த பிறகு பிடிப்பதைவிடச் சாயுமுன் பிடிப்பது மேல்.

இதற்கெல்லாம் மேலே பெருமூளையின் புறணி, அதாவது அதன் வெளி அடுக்கு. 1870இல் பெர்லினில் ஃபிரிட்ச்சும் ஹிட்ஸிக்கும் ஒரு நாயின் மூளைப்புறணியில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தினார்கள். எதிர்ப்பக்கக் கால் அசைந்தது. இடத்தை மாற்றினால் வேறு தசை அசைந்தது. மனித மூளையில் இந்த வரைபடத்தை அறுவைச் சிகிச்சைகளின்போது விரிவாக வரைந்தவர் மான்ட்ரியாலில் பணியாற்றிய வைல்டர் பென்ஃபீல்டு. அதில் முதுகுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம், கட்டைவிரலுக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் கிடைத்ததோ கொள்ளை இடம். புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 10 லட்சம் இழைகள் இறங்குகின்றன. பெரும்பாலானவை மூளைத்தண்டின் அடிப்பகுதியில் மறுபக்கம் தாண்டுவதால்தான் இடது மூளையில் அடைப்பு ஏற்பட்டால் வலது கை விழுகிறது. இந்த இழைகளில் சில, விரல்களின் இயக்க நரம்பணுக்களை நேராகவே தொடுகின்றன. பொத்தான் போடவும் எழுதவும் வீணை மீட்டவும் முடிவது இவற்றால். மற்றவை பெரும்பாலும் இடை நரம்பணுக்களிடம்தான் பேசுகின்றன. முழங்கால் துள்ளலுக்கும் முள் குத்தலுக்கும் உழைக்கிற அதே இடை நரம்பணுக்கள்தான் அவை. இச்சைச் செயலுக்கென்று தனிப் பட்டறை கிடையாது.

மூளையிலிருந்து தசைக்கு வரும் வழியும் ஒன்று மட்டும் இல்லை. பக்கவாதத்தில் ஒரு கை அசையவே அசையாதவர், கொட்டாவி விடும்போது அந்தக் கை தானாக மேலே எழும்புவதுண்டு. பார்க்கிறவர்கள் திகைத்துப்போவார்கள். ‘சிரியுங்கள்’ என்று சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணும், ஆனால் பேரனைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு மலரும். சிலர் இதைப் பார்த்துவிட்டு ‘அப்பா முயற்சி பண்ணமாட்டேன் என்கிறார்’ என்று நினைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். கொட்டாவியும் உள்ளச் சிரிப்பும் வேறு பாதையில் இறங்குகின்றன. அடைபட்டது விருப்பத்தின் பாதை மட்டும்.

இன்னும் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. இரண்டும் தசைக்கு நேராக எதுவும் சொல்வதில்லை. சிறுமூளை எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறக்குறைய 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. அது பழுதானால் வாதம் வராது. அசைவு இருக்கும், அளவு இருக்காது. டம்ளரை எடுக்கப் போன கை தாண்டிப் போகும், திரும்பி வரும், மறுபடி தாண்டும். குடித்தவரின் தள்ளாட்டம் பெருமளவு சிறுமூளை தடுமாறுவதால் வருவது. ஓர் அசைவைத் தொடங்கும்போதே அதனால் என்ன உணர்வு வரும் என்று முன்கூட்டிக் கணித்து, வந்ததோடு ஒப்பிட்டு, பிழையைத் திருத்தி, அடுத்த முறைக்குக் கற்றுவைத்துக்கொள்வது அதன் வேலை. நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இந்தக் கணிப்புதான் காரணம் என்று கருதுகிறார்கள். வரப்போவது தெரிந்துவிட்டால் கூச்சம் மழுங்கிவிடுகிறது.

மூளையின் ஆழத்தில் இருக்கும் அடித்தள நரம்பு முடிச்சுகள் செய்வதும் பிடித்து நிறுத்துவதுதான். அவை ஓய்வு நேரத்திலும் அசைவுகள்மீது பிரேக்கை அழுத்தியபடியே இருக்கின்றன. வேண்டிய அசைவுக்கு மட்டும், வேண்டிய நேரத்தில், பிரேக்கைத் தளர்த்துகின்றன. தளர்த்துவதற்கு டோபமைன் என்ற வேதிப்பொருள் வேண்டும். அது குறைந்துபோகும் நோயைத்தான் 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தார். நடுக்கம் வெளியே தெரிவது. உள்ளே நோயாளியைக் கட்டிப்போடுவது, எந்த அசைவையும் தொடங்க முடியாமல் போவது. வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுபவருக்கு, தரையில் குறுக்கே ஒரு கோடு போட்டு ‘இதைத் தாண்டுங்கள்’ என்றால் பல நேரம் தாண்டிவிடுவார். தானாகக் கிளம்பாத நடை, கண் பிடித்துக் கொடுத்த வேறு வழியில் கிளம்பிவிடுகிறது.

இத்தனை அடுக்குக்கும் அடியில் கீழிருந்து மேலே போகும் செய்தி ஓயாமல் ஓடுகிறது. அது நின்றால் என்ன ஆகும்? 1971இல் 19 வயது இளைஞர் ஒருவருக்கு, ஒரு காய்ச்சலைத் தொடர்ந்து, கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும், உறுப்புகள் எங்கே எப்படி இருக்கின்றன என்ற உணர்வும் அழிந்துபோயின. இயக்க நரம்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தசையில் பலம் இருந்தது. இருந்தும் அவரால் எழுந்து உட்காரவே முடியவில்லை. கை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதை எங்கே அனுப்புவது? மாதக்கணக்கில் பயின்று, ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் பார்த்துப் பார்த்து அசைக்கக் கற்று, மறுபடி நடந்தார். விளக்கை அணைத்தால் நிற்க முடியாது.

இப்போது அந்தச் சுத்தியலுக்குத் திரும்பலாம். முழங்கால் துள்ளவில்லை என்றால் அந்தச் சுற்றில் எங்கோ அறுந்திருக்கிறது: கதிரிலோ, நரம்பிலோ, வேரிலோ, இயக்க நரம்பணுவிலோ, தசையிலோ. முழங்காலுக்கு இடுப்பு நரம்புகளில் மூன்றும் நான்கும், கணுக்காலுக்கு இடுப்புக்கும் கீழே உள்ள திரிக நரம்புகளில் முதலாவது, முழங்கை மடிப்புக்குக் கழுத்து நரம்புகளில் ஐந்தும் ஆறும் என்று ஒவ்வொரு தட்டும் தண்டுவடத்தின் ஒவ்வொரு மாடியைச் சோதிக்கிறது. தாளில் எழுதிய எண்கள் 0 முதல் 4 வரை, 2 என்றால் இயல்பு. துள்ளல் அளவுக்கு மீறினால் சுற்று நன்றாகத்தான் இருக்கிறது, மேலிருந்து வர வேண்டிய அடக்கம்தான் வரவில்லை. பக்கவாதத்தின் முதல் நாட்களில் கை துவண்டு கிடப்பதும், வாரங்கள் போகப் போக அதே கை மடங்கி விறைப்பதும் இதனால்தான். திடீரென்று ஆதரவை இழந்த தண்டுவடம் முதலில் வாயடைத்துப் போகிறது. பிறகு தன் போக்கில் அளவில்லாமல் பேசத் தொடங்குகிறது. இயல்பாகவே துள்ளல் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும் நல்ல உடம்புக்காரர்களும் உண்டு. அதனால்தான் மருத்துவர் எப்போதும் இரண்டு பக்கமும் தட்டி ஒப்பிடுகிறார்.

கடைசியாக அவர் சுத்தியலின் பிடி முனையாலோ ஒரு சாவியாலோ உள்ளங்காலின் வெளி ஓரத்தைக் குதிகாலிலிருந்து மேல்நோக்கிக் கீறுவார். வளர்ந்தவர்களுக்குக் கட்டைவிரல் கீழே மடங்கும். 1896இல் பாரிஸில் ஜோசப் பபின்ஸ்கி, மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதை பழுதானவர்களுக்கு அது மேல்நோக்கி எழும்புவதைக் கவனித்து எழுதினார். கைக்குழந்தைக்கும் மேல்நோக்கித்தான் எழும்பும், அது நோய் இல்லை. அந்தப் பாதையின் இழைகளுக்கு இன்னும் உறை முழுதாக ஏறியிருக்காது. குழந்தை எழுந்து நின்று நடை பழகி, இரண்டு வயது நெருங்குவதற்குள் விரல் கீழே மடங்கத் தொடங்கிவிடும். பழைய சுற்று எங்கேயும் போய்விடவில்லை. அறுபது, எழுபது ஆண்டு கழித்து மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், பிறந்த அன்று எழும்பிய அதே கட்டைவிரல், அதே திசையில், மறுபடி எழும்பும்.